பொட்டுக்குள் இருந்த நிக்கல்

ஆயுத பூஜையன்று என் தம்பி மகன் ஜோயல் தன் கம்பெனிக்கு என்னை அழைத்துக்கொண்டு போனான். ஓசூர்ப் பக்கம் இது ஒரு நல்ல வழக்கம். வருஷம் முழுக்க வெளியே நின்று எட்டிப் பார்த்தாலே செக்யூரிட்டி முறைக்கிற தொழிற்சாலைகள், அந்த ஒரு நாள் மட்டும் குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிட்டு, மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டுக் காட்டி, கையில் பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்பும். பாகலூர் ரோட்டில் இருக்கிறது அவன் கம்பெனி. வாசலில் கட்டியிருந்த வாழை மரம் எங்கள் வீட்டு மாடியைவிட உயரம்.

ஜோயலுக்கு லேபில் வேலை. நானும் ஒரு காலத்தில் லேபில் இருந்தவள் என்பதால் ஒரு மெஷினைப் பெருமையாகக் காட்டினான். டைட்ரேஷனை அதுவே செய்துவிடுமாம். டைட்ரேஷன் என்றால் பயந்துவிடாதீர்கள். ஒரு திரவத்தில் எவ்வளவு சரக்கு கரைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, இன்னொரு திரவத்தை அதில் சொட்டுச் சொட்டாக விடுவது. நிறம் மாறியதும் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று பார்ப்பது. அப்புறம் கணக்கு. அந்தக் காலத்தில் சொட்டு விடுவது ஒரு பங்கு வேலை என்றால், கணக்கு மூன்று பங்கு வேலை. இந்த மெஷின் சொட்டும் விட்டு, கணக்கும் போட்டு, 'சரி' என்று பச்சை விளக்கும் எரித்துவிடுகிறது. மனுஷன் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டால் போதும்.

அப்போது பூஜைத் தட்டோடு ஒரு பெண் வந்தாள். தராசுக்கு ஒரு பொட்டு, அடுப்புக்கு ஒரு பொட்டு, ஃப்ரிட்ஜுக்கு ஒரு பொட்டு. இந்த மெஷினுக்கு வந்தபோது, ஈரச் சந்தனத்தைத் திரையின் நட்டநடுவில் வைத்து, மேலே குங்குமத்தை அழுத்தினாள். அது தொடுதிரை. கீச்சென்று ஒரு சத்தம். மெஷின் தன்பாட்டுக்கு டைட்ரேஷனை ஆரம்பித்துவிட்டது, காலிக் குடுவைக்குள். எல்லோரும் சிரித்தார்கள். ஜோயல் ஒரு டிஷ்யூ பேப்பரை உருவி, ஒரே இழுப்பில் பொட்டைத் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டான்.

"டேய், நீ தொடைக்கலாமாடா?" என்றேன்.

"ஏன் அத்தை? கறை பிடிச்சிக்கும் இல்ல?"

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயில் என்றால் மாதா கோயில் என்று இருக்கிற குடும்பம். அதை நினைத்துத்தான் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. பொட்டு வைத்த பெண்ணும் "சாரிங்க சார்" என்றுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அங்கிருந்து நகர மனம் வரவில்லை. இதேபோல் ஒரு பொட்டைத் துடைக்க முடியாமல் நான் வேலையையே இழக்க இருந்தேன். உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? இல்லையென்றால் இந்தப் பொரியைக் கொறித்துக்கொண்டே கேளுங்கள்.

ஜோயலின் லேபில் ஈரச் சந்தன வாசமும் அமோனியா நெடியும் கலந்து வந்தன. அமோனியா என்றதும் என் மூக்கு நேரே மத்திகிரிக்குப் போய்விடும். வேலைக்கு வந்த புதிதில் மத்திகிரியில் மாட்டுப் பண்ணைப் பக்கம்தான் நானும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். மழைக்காலக் காலைகளில் ஜன்னலைத் திறந்தால் மாட்டு மூத்திர நெடி கும்மென்று வரும். மற்ற இருவரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. லேபில் பகல் முழுக்க அதே அமோனியா. வீட்டுக்கு வந்ததும் ஓவர்டைம் பார்ப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது ஒரு முலாம் பூசுகிற கம்பெனி. பைக் ஹேண்டில்பார்களுக்கு நிக்கல் பூசி, மேலே குரோமியம் பூசி, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மினுக்கி, பெங்களூர்ப் பக்கத்து வண்டிக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவோம். நிக்கல் தொட்டி என்று ஒன்று உண்டு. பச்சைத் தண்ணீர், எப்போதும் வெதுவெதுவென்று ஆவி பறக்கும். முங்கி எழுகிற ஒவ்வொரு ஹேண்டில்பாரும் தன்னோடு கொஞ்சம் உப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடும். குறைந்த உப்பை அவ்வப்போது கொட்டி ஈடு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஹேண்டில்பாரின் வளைவில் முலாம் கருகிக் கறுத்துவிடும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் லேபின் வேலை.

எங்கள் லேப் என்றால் இரண்டு பேர். ஒன்று, வேலை நிரந்தரமாகாத நான். இன்னொன்று, லேபின் பொறுப்பாளர் வேதாசலம் சார். கும்பகோணத்துக்காரர். எதையும் நிதானமாகச் செய்வார். அவருடைய கால்குலேட்டரில் ஏழாம் நம்பர் பொத்தான் அமுங்காது. முந்தின ஆயுத பூஜையில் யாரோ பக்தியாக வைத்த சந்தனம் பொத்தானுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. வேறு எந்த எண் போயிருந்தாலும் சமாளித்திருக்கலாம். நிக்கல் கணக்கில் ஒவ்வொரு தடவையும் ஐம்பத்தெட்டு புள்ளி ஏழால் பெருக்க வேண்டும். புதியது வேண்டும் என்று ஸ்டோர்ஸில் கேட்டதற்கு, "மிச்ச ஒம்போது நம்பரும் நல்லாத்தானே வேலை செய்யுது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே வேதாசலம் சார் கல்லூரிக் காலத்து லாகரிதம் அட்டவணையை எடுத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைப்பார். பக்கத்தைப் புரட்டுவார். விரலை வைத்து ஒரு வரிசையில் போய், இன்னொரு வரிசையில் இறங்கி, எழுதி, கூட்டி, கழித்து, மறுபடியும் அட்டவணைக்குள் நுழைந்து, நான்கு தசம ஸ்தானத்தோடு வெளியே வருவார். சொட்டு விடுகிற பியூரெட் குழாயில் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்த அளவுக்கு நான்கு தசம ஸ்தானம். அவர் வெளியே வருவதற்குள் லேப் வாசலில் முனிராஜண்ணா வந்து நின்றிருப்பார்.

முனிராஜண்ணா பிளேட்டிங் லைனின் சூப்பர்வைசர். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். நிக்கல் தொட்டியைத் திட்டும்போது மூன்றும்.

"சாரே, தொட்டி நிக்குதுங்க. உப்பு எவ்ளோ போடறதுன்னு சொன்னீங்கன்னா போட்டுட்டுப் போவேன்."

"இருப்பா. ஆன்டிலாக் பாத்துண்டிருக்கேன்."

"அதப் பாத்து முடிக்கறதுக்குள்ள என் பசங்க டீ குடிச்சிட்டு வந்து, மறுபடியும் டீக்குப் போயிட்டாங்க சாரே."

இப்படி ஒருநாள் இருவரும் முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து அன்றைக்கு மிதப்பில் பஸ் மாறி ஏறி, பேரிகைப் பக்கம் பாதி தூரம் போய் இறங்கினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம்தான். மில்லி கூடினால் நிக்கலும் அதே கணக்கில் கூடும். அப்படியென்றால் அது ஒரு நேர்கோடு. ஒரே ஒரு தடவை கஷ்டப்பட்டுக் கோட்டைப் போட்டுவிட்டால், அப்புறம் பெருக்க வேண்டாம், வகுக்க வேண்டாம், ஏழாம் நம்பரும் வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் கிராஃப் தாள் வாங்கினேன். கீழே மில்லி. இடப்பக்கம், ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நிக்கல். வலப்பக்கம், தொட்டியில் எத்தனை கிலோ உப்பு கொட்ட வேண்டும். பியூரெட்டில் பார்த்த மில்லியிலிருந்து விரலை மேலே ஓட்டிக் கோட்டைத் தொட்டு, அப்படியே வலப்பக்கம் திரும்பினால் உப்பின் எடை. தாளின் நடுவே குறுக்காக இரண்டு பென்சில் கோடுகள். அந்த இரண்டுக்கும் இடையில் நிக்கல் இருந்தால் நல்லது, ஒன்றும் கொட்ட வேண்டாம். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் கொட்ட வேண்டும்.

வேதாசலம் சார் அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சொட்டு விடற கரைசலைப் புதுசாப் போட்டா அதோட வீரியம் கொஞ்சம் மாறும். அப்ப உன் கோடு பொய் சொல்லும். என்ன பண்ணுவே?" என்றார். நியாயமான கேள்வி. மாறுகிற வீரியத்துக்கு ஏற்ப இன்னும் இரண்டு கோடுகளை அதே மூலையிலிருந்து விசிறிபோல் கிளப்பினேன். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று ஊதா. பாட்டிலின் கழுத்தில் அதே நிற நூலைக் கட்டிவிட்டேன். நீல நூல் பாட்டில் என்றால் நீலக் கோடு. சார் தலையை நிமிர்த்தினார். "கோடு போட்டா கெமிஸ்ட்ரி ஆயிடுமா?" என்று மட்டும் லாகரிதம் அட்டவணையிடம் கேட்டுக்கொண்டார். நிக்கலை என்னிடம் விட்டுவிட்டு, குரோமியம் தொட்டியின் கணக்கோடு ஒதுங்கிக்கொண்டார்.

தாளைச் சுவரில் ஒட்டியதிலிருந்து லேபுக்கு வெளிச்சம் வந்ததுபோல் ஆகிவிட்டது. முனிராஜண்ணா வருவார். நான் மில்லியைச் சொல்வேன். அவரே விரலை ஓட்டி, கிலோவைப் படித்துக்கொண்டு போய்விடுவார். நான் இல்லாத ஷிஃப்டில் அவர்களே டைட்ரேஷன் செய்து, அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பசங்களுக்கு டீ குடிக்க நேரமில்லை என்று ஒரு புகார் மட்டும் வந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. முனிராஜண்ணாதான் எங்கள் ஷெட்டுக்குப் பூஜை செய்பவர். மோட்டாருக்கு, பம்புக்கு, தராசுக்கு, பியூரெட் ஸ்டாண்டுக்கு என்று வைத்துக்கொண்டே வந்தவர், சுவரில் இருந்த என் கிராஃப் முன்னால் நின்றார். "இதுதான் நம்ம லேபுக்கு முக்கியமான மெஷினு" என்று சொல்லி, நட்டநடுவில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் போட்ட ஒன்றை ஒருவர் கும்பிடுகிறார். வேலைக்கு வந்த புதிதில் அதெல்லாம் பெரிய விஷயம்.

நட்டநடுவில் என்றேன் அல்லவா. அங்கேதான் அந்த இரண்டு பென்சில் கோடுகள் இருந்தன. எப்படியோ அளந்து வைத்ததுபோல் பொட்டு அந்த இடைவெளியைச் சரியாக மூடிக்கொண்டது. கோடு மறைந்ததில் யாருக்கும் கஷ்டமில்லை, இன்னும் வசதியாகப் போயிற்று. விரல் பொட்டில் போய் முட்டினால் நல்லது. கீழே போனால் உப்பு. கொஞ்ச நாளில் எங்கள் ஷெட்டின் பேச்சே மாறிவிட்டது.

"நிக்கல் எப்படிங்கண்ணா?"

"பொட்டுக்குள்ள இருக்குதும்மா."

நானும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தேன். இடப்பக்கத்தில் நானே குண்டு குண்டாக எழுதிய எண்கள் அப்படியேதான் இருந்தன. பொட்டு இருக்கும்போது எண்ணை யார் பார்க்கிறார்கள்? ரிப்போர்ட்டில் 'ஓகே' என்று எழுதுவேன். வேதாசலம் சார் கையெழுத்துப் போடுவார்.

ஆனால் காய்ந்த சந்தனம் உதிரும். முனிராஜண்ணாவுக்கு உதிர்ந்த பொட்டைப் பார்க்கப் பொறுக்காது. வெள்ளிக்கிழமை தோறும் மேலே புதிதாக ஒன்று வைப்பார். அவருடைய கட்டைவிரல் சாதாரண விரல் இல்லை. போதாததற்கு ஈரச் சந்தனம் தன் பாரத்தில் கொஞ்சம் கீழே இறங்கும். அடுத்த வெள்ளிக்கிழமைப் பொட்டு, இறங்கியதன் நடுவில். இப்படி எங்கள் பொட்டு வாரா வாரம் பெரிதாகிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. கூடவே, உப்பு கொட்டாததால், தொட்டியில் நிக்கலும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தே இறங்கியதால், நிக்கல் எப்போதும் பொட்டுக்குள்ளேயே இருந்தது.

ஹேண்டில்பார் வளைவுகள் கருக ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கூடை கூடையாக. பெங்களூரில் இருந்து சரக்கு திரும்பி வந்தது. மேனேஜர் லேபுக்கு வந்தார். அதுவரை அவர் லேபுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"லேப் இருந்தும் தொட்டி கெட்டுப்போவுதுன்னா லேப் எதுக்கு? வெளியில குடுத்து டெஸ்ட் பண்ணிக்கறேன். நாளைக்கு பெங்களூர்க் கம்பெனி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவரு என்ன சொல்றாருன்னு பாத்துட்டுத்தான் உன் கன்ஃபர்மேஷன்ல கையெழுத்துப் போடுவேன்."

என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. நிரந்தரம் ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதட்டிப் பேசுகிறவர் அல்ல. ஆனால் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து எப்போது பேசினாலும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வருவார். "நிரந்தரம் ஆச்சுன்னா இருந்துக்கோம்மா. ஆவலைன்னா மனசப் போட்டுக் கொழப்பிக்காம வந்துடு. பர்கூர்க்காரங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க." பர்கூர்க்காரங்க என்றால் ஒரு ஜவுளிக்கடை, ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலம் முழுக்க ஒரு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலை மடிப்பதை நினைத்தால்தான் மூச்சு முட்டும். எனக்கு பியூரெட் வேண்டும். சொட்டு விழுந்து நிறம் மாறுகிற அந்த நொடி வேண்டும். மஞ்சளாக இருப்பது ஒரு சொட்டில் ஊதாவாக மாறும்போது இன்றைக்கும் எனக்கு உள்ளே ஏதோ துள்ளும்.

மேனேஜர் போனதும் நானே தொட்டித் தண்ணீரை எடுத்து வந்து டைட்ரேஷன் செய்தேன். கிராஃபில் பார்த்தேன். பொட்டுக்குள். சந்தேகம் வந்து, வேதாசலம் சாரின் அட்டவணையைக் கடன் வாங்கி, அவரைப்போலவே விரலை வைத்துப் போய் இறங்கி ஏறிக் கணக்குப் போட்டேன். நிக்கல் பாதாளத்தில் இருந்தது. அப்புறம்தான் இடப்பக்க எண்ணைப் பார்த்தேன். பொட்டின் அடிவிளிம்பு, நான் போட்ட கீழ்க்கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

ஓடிப்போய் முனிராஜண்ணாவிடம் சொன்னேன். "அண்ணா, உப்பு நிறைய கொட்டணும்ண்ணா. நிக்கல் கம்மியா இருக்குது."

"பொட்டுக்குள்ளதான இருக்குதும்மா? இப்பதான் பாத்துட்டு வந்தேன்."

அதற்கு நான் என்ன சொல்வது? பொட்டு தப்பு என்றா? அந்த ஷெட்டிலேயே நான் ஒருத்திதான் கிறிஸ்தவப் பெண். அவர் வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து வைக்கிற பொட்டை நான் தப்பு என்று சொன்னால் அவர் மனசு என்ன ஆகும்? நானே போய்த் துடைத்தால் ஷெட்டு என்ன பேசும்? "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். என் வேலை போவதற்கு நானே 'சரிங்கண்ணா' சொல்லிவிட்டு வந்தேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

வேதாசலம் சாரிடம் கெஞ்சினேன். "சார், நீங்க தொடச்சிடுங்க சார். நீங்க தொடச்சா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவர் அட்டவணையை மூடினார். "நான் எப்படிம்மா தொடைக்கறது? மொதல் நாள்லேர்ந்தே எனக்கு அந்தக் கோடு பிடிக்கலைன்னு ஊருக்கே தெரியும். இப்பப் போய்க் கை வெச்சா, சின்னப் பொண்ணு மேல பொறாமைன்னு பேசமாட்டாளா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஷெட்டில் நியாயத்துக்கு மட்டும் எப்போதும் குறைவில்லை. அன்று சாயங்காலம் மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பர்கூர்க் கடையில் முதலில் எந்தப் பக்கத்து அலமாரி என் கைக்கு வரும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அழுகை வந்தது, கண்டக்டர் சில்லறை கேட்டதால் நின்றுவிட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். நெற்றி நிறைய விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். கன்னடக்காரர், தமிழ் புரியும். கருகின ஹேண்டில்பார் ஒன்றைக் கதாயுதம்போல் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்குள் வந்தார். பின்னால் மேனேஜர். வேதாசலம் சாரும் நானும் மேசையோரம் நின்றோம். முனிராஜண்ணா கதவோரம் நின்றார்.

"நிக்கல் எஷ்டு இதெ?" என்று முனிராஜண்ணாவைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். எவ்வளவு இருக்கிறது என்று.

முனிராஜண்ணா கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக, நிறைந்த நம்பிக்கை உள்ளவர்போல் சொன்னார்: "பொட்டு ஒளகடெ இதெ சார்." பொட்டுக்குள்ளே இருக்கிறதாம்.

மேனேஜருக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். இருந்தும் தெரியாதவர்போல் முழித்தார். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். தாளின் நடுவில் கொட்டாங்கச்சி அகலத்துக்கு, பல வெள்ளிக்கிழமைகள் சேர்ந்து திரண்டு நின்ற பொட்டு. அவர் கிட்டே போய், மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, "இதில கீழ் அளவு எங்கே?" என்று தமிழில் கேட்டார். நான் பொட்டைக் காட்டினேன். அவர் பாக்கெட்டில் இருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"பேடா சார்," என்றார் முனிராஜண்ணா. அதே நேரத்தில் "வேண்டாம் சார்" என்று நானும், "இருங்கோ சார்" என்று வேதாசலம் சாரும்.

இன்ஸ்பெக்டரின் கை அப்படியே நின்றது. "யாக்கெ?" என்று காரணம் கேட்டார்.

முனிராஜண்ணாதான் முதலில் பேசினார். "சார், இந்தப் பொண்ணு சர்ச்சுக்குப் போற பொண்ணு. ஆனாலும் நாம வெச்ச பொட்ட இத்தன நாளா அழிக்காம மதிச்சு வெச்சிருக்குது. பொட்டு எறங்கிப்போச்சுன்னு எனக்கும் ரெண்டு வாரமா சந்தேகந்தான். ஆனா நானே தொடச்சிட்டா அந்தப் புள்ள மதிச்சதுக்கு என்ன மரியாதைங்க?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அண்ணா, நான் தொடச்சா நீங்க வருத்தப்படுவீங்கன்னு தாண்ணா நான் விட்டு வெச்சேன்" என்றேன். வேதாசலம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொறாமை விஷயத்தைத் தன் பங்குக்குச் சொன்னார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு பொட்டத் தொடைக்க இந்தக் கம்பெனில ஒரு ஆள் இல்லையாடா சாமி" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கையில் இருந்த ஹேண்டில்பாரைத் தூக்கிக் காட்டினார். "நிம்ம மரியாதெ எல்லா சரி. இது கப்பாகிதெயல்லா?" உங்கள் மரியாதை எல்லாம் சரிதான், இது கறுத்துப் போய்விட்டதே. அப்புறம் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அவர் நெற்றியிலும் பொட்டு இருந்ததால் அவருக்கும் கை வரவில்லை என்று நினைக்கிறேன். சுவரைக் காட்டி என்னிடம், "இன்னொந்து பரெயம்மா. இதன் பக்கத்தில ஒட்டு" என்றார்.

இன்னொன்று வரை. பழையதைத் துடைக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம், பக்கத்தில் புதிதாக ஒன்று. பட்டம் வாங்கிய நான், முப்பது வருஷ அனுபவமுள்ள வேதாசலம் சார், மூன்று பாஷை தெரிந்த முனிராஜண்ணா, மூவருக்கும் இது தோன்றவே இல்லை.

மேசையில் தாளை விரித்தேன். இன்ஸ்பெக்டர் டீ குடித்து முடிப்பதற்குள் விசிறிக் கோடுகளைப் போட்டு, குறுக்குக் கோடுகளை இந்த முறை சிவப்பு மையில் இழுத்து, ஓரத்தில் எண்ணையும் எழுதினேன். முனிராஜண்ணா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப பொட்டு எங்கம்மா வெக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். இடது மேல் மூலையில், எந்தக் கோடும் போகாத இடத்தில், ஒரு சின்னச் சதுரக் கட்டம் போட்டேன். "இதுக்குள்ள வெச்சுக்கங்கண்ணா." அவர் முகம் மலர்ந்தது. வேதாசலம் சார் அட்டவணையை எடுத்து இரண்டு மூன்று புள்ளிகளைச் சரிபார்த்து, "கோடு சரியாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் விட்டு, "நாலாவது தசமம் வராது" என்றும் சொல்லிக்கொண்டார்.

புதுக் கோட்டில் விரலை ஓட்டி, வலப்பக்கம் காட்டிய உப்பை எல்லாம் முனிராஜண்ணா தொட்டியில் கொட்டிக் கரைத்தார். சாயங்காலம் எடுத்த ஹேண்டில்பாரின் வளைவில் என் முகம் தெரிந்தது. வளைவு என்பதால் மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவுக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது மேனேஜரிடம், அந்தத் தாளில் ஒரு ஜெராக்ஸ் வேண்டும், மற்ற பிளேட்டிங் கம்பெனிகளுக்கும் கொடுக்கலாம் என்றார். "எங்க லேப்ல தயாரிச்சது சார்" என்றார் மேனேஜர், முந்தின நாள்தான் லேப் எதுக்கு என்று கேட்டவர். அந்த வாரமே என் கன்ஃபர்மேஷனில் கையெழுத்துப் போட்டார்.

ஜெராக்ஸ் ஊரெல்லாம் போயிற்று, அந்தச் சதுரக் கட்டத்தோடு. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு கம்பெனியில் அதில் மேனேஜர் தினம் கையெழுத்துப் போட்டார் என்று கேள்விப்பட்டேன். இன்னொன்றில் கம்பெனி முத்திரை குத்தினார்களாம். சதுரத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஏதோ காரணமாகத்தான் போட்டிருப்பார்கள் என்ற மரியாதை.

பர்கூர்க்காரருக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க இன்றைக்கும் அந்தக் கடைக்குத்தான் போகிறேன். அவர் மனைவி நான் கேட்காமலே தள்ளுபடி போட்டுத் தருவாள். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

எங்கள் ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். நிக்கல் தொட்டி இருந்த இடம் குழந்தைகள் நீச்சல் பழகுகிற குளமாகிவிட்டது. வேதாசலம் சார் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போனார். சில வருஷம் கழித்து அவர் தவறிப்போன செய்தி வந்தது. லாகரிதம் அட்டவணை என்ன ஆனதோ தெரியாது. முனிராஜண்ணாதான் கடைசிவரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை போன் வரும். நானும் கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு பாகலூர் போவேன். அவருக்குச் சர்க்கரை வந்த பிறகு கேக்கை அவர் மனைவி வாங்கி உள்ளே வைத்துவிடுவார்.

"சுகர் எப்படிண்ணா இருக்குது?" என்று கேட்பேன்.

"பொட்டுக்குள்ள இருக்குதும்மா" என்பார். இருவரும் வாய்விட்டுச் சிரிப்போம். அவர் மனைவிக்கு ஒன்றும் புரியாது.

கடைசியாகப் பேசியது போன வருஷ ஆயுத பூஜையன்று. அவர் மகன்தான் போனைக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான் போல. குரல் உள்ளே போயிருந்தது. எப்படிண்ணா இருக்கீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பொட்டத் தாண்டிடுச்சும்மா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

ஜோயலுடைய மெஷின் காலிக் குடுவையை அளந்து முடித்து, திரையில் பெரிதாக ஒரு பூஜ்யத்தைக் காட்டியது. பொட்டு இருந்த இடம் பளபளவென்று இருந்தது. "என்ன அத்தை, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டான். பொட்டுக்குள்ளதான்டா இருக்கேன் என்று வாய்வரை வந்தது. சொன்னால் இந்தக் கதை முழுவதையும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லைடா, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.